கௌஹாத்திக்கும் மீனம்பாக்கத்துக்கும் நடுவே

எழுபதுகளின் கடைசியில், ஒரு சித்திரை மாதத்தில் எங்கள் அப்பா செத்துப்போனார். காஞ்சிபுரம் பக்கம் பெருநகர் என்ற ஊரில் எங்கள் வீடு. நான் உத்திரமேரூர் உயர்நிலைப் பள்ளியில் பூகோள வாத்தியார். அண்ணனுக்குக் கௌஹாத்தியில் ராணுவ அலுவலகத்தில் குமாஸ்தா வேலை. கொள்ளி வைக்க வேண்டிய மூத்த பிள்ளை அவர்தான்.

விடியற்காலையில் உயிர் போனது. முதல் பஸ்ஸில் போய்த் தந்தி கொடுத்தேன். சாயங்காலம் பதில் வந்தது: 'காலை விமானத்தில் கிளம்புகிறேன். எடுக்க வேண்டாம்.'

எங்கள் வகையறாவில் அதுவரை யாரும் விமானம் ஏறியதில்லை. பெரியப்பா என்னைக் கூப்பிட்டார்.

"நீ பட்ச்சவன். சொல்லு, எத்தினி மணிக்கி வந்து எறங்குவான்?"

பள்ளிக்கூட அட்லஸை எடுத்துவந்து கௌஹாத்திக்கும் சென்னைக்கும் அடிக்கோல் வைத்து அளந்தேன். நேர்கோட்டில் ஆயிரத்துத் தொள்ளாயிரம் கிலோமீட்டர் சொச்சம். ஜெட் விமானம் மணிக்கு எண்ணூறு போகும் என்று எங்கோ படித்திருந்தேன். இரண்டரை மணி நேரம். ஒன்பதுக்குக் கிளம்பினாலும் பதினொன்றரைக்கு மீனம்பாக்கம். அங்கிருந்து டாக்ஸி.

"ரெண்டு, ரெண்டரைக்குள்ள வந்துடுவாரு பெரிப்பா."

என் பேச்சை நம்பி எல்லோரும் காத்திருந்தார்கள். காஞ்சிபுரத்திலிருந்து ஐஸ் பாளங்கள் வந்தன. மறுநாள் இரண்டு மணி ஆனது, மூன்று ஆனது. ரோட்டில் கார் சத்தம் கேட்கும்போதெல்லாம் அம்மா தலையைத் தூக்கிப் பார்த்தாள். ஊதுவத்தி வாசனையையும் மீறி அப்பா மேலிருந்து வாடை வர ஆரம்பித்தது. பந்தலில் இருந்தவர்கள் ஒவ்வொருவராகத் தள்ளிப்போய் உட்கார்ந்தார்கள்.

ஐந்து மணிக்குப் பெரியப்பா வந்தார். "ஐஸு கரைஞ்சிக்கினே கீது. இனிமே தாங்காது. பொயுது சாயறதுக்குள்ள எடுத்துடலாம். நீயே வெச்சிடு."

"இன்னும் ஒரு மணி நேரம்..."

"நீ சொன்ன மணி எப்பவோ பூட்ச்சி."

செய்யாற்றங்கரையில் நான்தான் கொள்ளி வைத்தேன்.

அண்ணன் மறுநாள் பன்னிரண்டு மணிக்கு, காஞ்சிபுரம் பஸ்ஸிலிருந்து இறங்கி வந்தார். பால் தெளிக்க நாங்கள் கிளம்பிக்கொண்டிருந்தோம். பந்தலில் யாரும் இல்லாததைப் பார்த்துவிட்டு அப்படியே நின்றார்.

"எட்த்துட்டீங்களா?"

அம்மா அழுதாள்.

கௌஹாத்தியிலிருந்து சென்னைக்கு நேர் விமானமே இல்லை என்பது அப்புறம்தான் தெரிந்தது. கல்கத்தாவில் மாற வேண்டும். மழையால் முதல் விமானம் தாமதமாகி, அவர் போய்ச் சேர்ந்தபோது சென்னை விமானம் போய்விட்டிருந்தது. மறுநாள் காலைவரை அங்கேயே பெஞ்சில் உட்கார்ந்திருந்திருக்கிறார்.

"பறந்தது மூணு, மூணரை மணி நேரந்தாண்டா" என்றார். "மீதியெல்லாம் உக்காந்துக்கினே இருந்தேன்."

சுடுகாட்டில் சாம்பலுக்கு முன் குத்துக்காலிட்டு உட்கார்ந்து, பால் ஊற்றுவதற்கு முன்பே உள்ளே கையை விட்டார். "சூடு கீதுடா இன்னும்" என்றார், என்னைப் பார்க்காமல். நான் சொம்பைப் பிடித்துக்கொண்டு நின்றேன். அட்லஸ் பார்த்து நேரம் சொன்னது நான்தான் என்று சொல்ல வாய் வரவில்லை. பெரியப்பா அவரிடம் சொல்லியிருந்தாரோ என்னவோ.

கருமாதி முடித்து ரயிலில் போனார். அதற்குப் பிறகு வந்த கடிதங்களில் அம்மாவை விசாரித்தார், என் பிள்ளைகளை விசாரித்தார். அந்த நாளைப் பற்றி ஒரு வரி எழுதவில்லை. நானும் கேட்கவில்லை.