விட்டுப்போன ஏழு பெட்டிகள்

இரண்டாயிரத்து ஐந்து வாக்கில் நான் கிழக்குத் தாம்பரத்தில், ஒரு மெடிக்கல் ஷாப்பின் மாடியில் இயங்கிய சாஃப்ட்வேர் கம்பெனியில் வேலை பார்த்தேன். முதலாளியையும் சேர்த்து ஐந்து பேர். எனக்கு இருபத்து நான்கு வயது. புரோகிராம் எழுதுவதில் என்னை மிஞ்ச ஆளில்லை என்ற நினைப்பு அப்போது எனக்கு நிறையவே இருந்தது.

வண்டலூர் தாண்டி, பஸ்களுக்கு இருக்கை செய்யும் தொழிற்சாலை ஒன்று எங்களிடம் ஒரு வேலை கொடுத்தது. கம்பெனிக்குள் மட்டும் பார்க்கும்படியான ஒரு வெப்சைட். அதன் முதல் பக்கத்தில், யார் யாருக்குக் கீழே வேலை செய்கிறார்கள் என்று காட்டும் படம் வர வேண்டும். மேலே மேனேஜருக்கு ஒரு பெட்டி, அதிலிருந்து கோடுகள் இறங்கி ஒவ்வொரு பிரிவின் தலைவருக்கும் ஒரு பெட்டி, அவர்களுக்குக் கீழே மற்றவர்கள். படத்தை யாரும் வரையப் போவதில்லை. ஊழியர் விவரங்களை, குறிகளுக்கு நடுவில் எழுதும் எக்ஸ்எம்எல் ஃபைலாகக் கொடுத்தால் என் புரோகிராம் அதைப் படித்துப் பெட்டிகளைத் தானே போட்டுவிடும்.

அந்த ஃபைலை டைப் செய்ய, சரக்கை வெளியே அனுப்பும் டெஸ்பாட்ச் பிரிவிலிருந்து ஒரு அம்மாவை ஒதுக்கியிருந்தார்கள். நாற்பதைக் கடந்தவர். சிட்லபாக்கத்தில் வீடு. ஞாயிற்றுக்கிழமைகளில் சர்ச்சில் சின்னப் பிள்ளைகளுக்குப் பாடம் எடுப்பார். இந்த வேலையை அவரே மேனேஜரிடம் கேட்டு வாங்கியிருந்தார் என்பது எனக்குப் பிறகுதான் தெரிந்தது. இதை ஒழுங்காகச் செய்து கொடுத்தால் கம்ப்யூட்டர் பிரிவுக்கு மாற்றுவதாக மேனேஜர் சொல்லியிருந்தாராம்.

முதல் நாள் அவருக்கு விளக்கினேன். ஒருவரின் பெயரை ஒரு குறியால் திறக்க வேண்டும், இன்னொரு குறியால் மூட வேண்டும். அவருக்குக் கீழே உள்ளவர்கள் எல்லோரும் அந்த இரண்டு குறிகளுக்கு நடுவில் வர வேண்டும்.

"ஒண்ணுக்குள்ள ஒண்ணு போட்டு வைக்கிற சம்படம் செட்டு மாதிரி. அவ்ளோதானே தம்பி?" என்றார்.

அவ்வளவுதான். கல்லூரியில் எனக்கு அது புரிய ஒரு வாரம் ஆகியிருந்தது.

அடுத்த பத்து நாட்கள், டெஸ்பாட்ச் வேலையை முடித்துவிட்டு மதியத்துக்கு மேல் உட்கார்ந்து டைப் செய்தார். தினமும் பிரின்ட் எடுத்து, திறந்த குறி ஒவ்வொன்றுக்கும் மூடிய குறி இருக்கிறதா என்று பென்சிலால் டிக் அடித்துக்கொண்டே வருவார். நான் மேடம் என்று ஆரம்பித்து, அவர் கொடுத்த எலுமிச்சை சாதத்தைச் சாப்பிட்ட பிறகு அக்கா என்று கூப்பிடத் தொடங்கியிருந்தேன்.

ஒரு நாள் கேட்டார்: "எங்க சூப்பர்வைசர் போன மாசம் ரிட்டயர்டு ஆயிட்டாரு. இன்னும் ஆள் போடல. அங்க என்ன தம்பி எழுதறது?"

"பதவிய மட்டும் போடுங்க அக்கா. பேர காலியா விட்டுடுங்க."

அப்படியே செய்தார்.

வெப்சைட்டைத் திறந்து வைக்கும் நாளுக்கு முந்தின நாள் படத்தை ஓட்டிப் பார்த்தேன். பெயரில்லாத பெட்டிகள் இரண்டு மூன்று அசிங்கமாகத் தெரிந்தன. பெயர் காலியாக இருந்தால் அந்தப் பெட்டியைப் போடாதே என்று ஒரு வரி சேர்த்தேன். பெட்டிகள் மறைந்தன. படம் அழகாக இருந்தது. அவற்றில் ஒன்றான டெஸ்பாட்ச் சூப்பர்வைசர் பெட்டிக்குள் இருந்தவர்களும் சேர்ந்தே மறைந்துவிட்டதை நான் கவனிக்கவில்லை.

மறுநாள் மீட்டிங் ஹாலில் எல்லோரையும் கூட்டியிருந்தார்கள். சுவரில் படம் விரிந்ததும் ஒவ்வொருவரும் தங்கள் பெயரைத் தேடிக் கண்டுபிடித்துச் சிரித்தார்கள். பின்வரிசையில் நின்ற டெஸ்பாட்ச் ஆட்கள் மட்டும், அக்கா உட்பட, சிரிக்கவில்லை. ஏழு பேர். அந்தப் பிரிவை மூடிவிட்டு வேலையைக் கான்ட்ராக்டில் விடப் போகிறார்கள் என்று சில மாதங்களாகவே ஒரு பேச்சு இருந்தது.

அவர்களில் பெரியவர் ஒருவர் கேட்டார்: "சார், எங்க பேர் ஒண்ணும் காணோமே. எடுத்துட்டீங்களா?"

மேனேஜர் என்னைப் பார்த்தார். அந்தக் கணமே எனக்குத் தெரிந்துவிட்டது. எந்த வரி என்பதுகூடத் தெரிந்துவிட்டது. என் முதலாளி முன்வரிசையில் உட்கார்ந்திருந்தார்.

"டேட்டா என்ட்ரில விட்டுப்போயிருக்கும் சார்," என்றேன்.

"நான் போட்டேனே சார்," என்றார் அக்கா, மெதுவாக.

"போட்டா எங்க போச்சு?" என்றார் மேனேஜர். "உங்க செக்‌ஷனயே விட்டுட்டு என்னத்த டைப் பண்ணீங்க? இதுல கம்ப்யூட்டர் செக்‌ஷன் வேற வேணுமாம்." யாரோ சிரித்தார்கள். அக்கா தலை குனிந்து நின்றார். நான் மவுஸைப் பிடித்துக்கொண்டு திரையையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

அதோடு நின்றிருந்தால்கூடப் பரவாயில்லை. மதியம் அக்கா தன் பிரின்ட் தாளோடு வந்தார். சண்டைக்கு வரவில்லை. "இதோ இருக்கு பாருங்க தம்பி, ஏழு பேரும். நான் எங்க தப்பு பண்ணேன்னு மட்டும் சொல்லுங்க, கத்துக்கறேன்," என்றார்.

உண்மையைச் சொல்ல அறையில் எந்தத் தடையும் இல்லை. நாங்கள் இரண்டு பேர்தான் இருந்தோம். நான் தாளை வாங்கி, ஏதோ யோசிப்பதுபோல் பார்த்துவிட்டு, ஒரு வரியில் விரலை வைத்தேன்.

"இந்த மூடற குறி இடம் மாறியிருக்கு அக்கா."

அவர் வெகு நேரம் அந்த வரியைப் பார்த்தார். ஏற்கெனவே டிக் அடித்திருந்த வரி. கடைசியில், "ஆமா, எனக்குத் தெரியாமப் போச்சு," என்றார். அவர் போனதும் நான் சேர்த்த வரியைத் திருத்தினேன். இரண்டு நிமிடம்கூட ஆகவில்லை. ஏழு பெட்டிகளும் வந்தன. டேட்டாவைச் சரிசெய்துவிட்டேன் என்று மேனேஜரிடம் சொன்னேன். அவர் கை கொடுத்தார்.

படத்தைப் பராமரிக்கும் வேலையை வேறொருவருக்குக் கொடுத்தார்கள். அக்கா டெஸ்பாட்சிலேயே இருந்தார்.

ஒரு வருடம் கழித்து, தாம்பரம் ஸ்டேஷனில் செங்கல்பட்டு வண்டிக்காக நிற்கும்போது அவரைப் பார்த்தேன். ஒளிந்துகொள்ளலாம் என்று தூண் பக்கம் நகர்ந்தேன். அதற்குள் அவரே பார்த்துவிட்டுச் சிரித்தபடி வந்தார். மகள் கம்ப்யூட்டர் சயின்ஸ் சேர்ந்திருக்கிறாள் என்றார். "எனக்குத்தான் இதெல்லாம் வரல. அவளாவது படிக்கட்டும்னுதான்."

அதைக் கேட்டதும் சொல்லிவிட்டேன். அந்த வரியை, பொய்யை, எல்லாவற்றையும். அவர் கைப்பையை ஒரு தோளிலிருந்து மறு தோளுக்கு மாற்றிக்கொண்டார்.

"அப்போ நீங்க காட்டின அந்த லைன்?"

"சரியாத்தான் இருந்துது அக்கா."

"அத நான் தினமும் எடுத்துப் பாப்பேன் தம்பி. ஒரு மாசம் பாத்தேன்." அவர் குரல் உயரவில்லை. "இத எங்க மேனேஜருக்கு எழுதித் தருவீங்களா?"

"கண்டிப்பா."

எழுதினேன். முதலில் எழுதியதில் எல்லாம் இருந்தது. என் முதலாளி படித்தால் என்ன ஆகும் என்று பயந்து ஒரு வரியை எடுத்தேன், பிறகு இன்னொன்றை. கடைசியாக அனுப்பிய ஆங்கிலக் கடிதத்தில், சில தொழில்நுட்பக் காரணங்களால் அன்று விவரங்கள் முழுமையாகத் தெரியவில்லை, ஏற்பட்ட சிரமத்துக்கு எங்கள் நிறுவனம் வருந்துகிறது என்று மட்டும் இருந்தது. யார் செய்தது என்றும் இல்லை, யார் செய்யவில்லை என்றும் இல்லை. அக்காவுக்கும் ஒரு பிரதி அனுப்பினேன்.

சில நாள் கழித்து ஆபீசுக்கு அவரிடமிருந்து போன் வந்தது.

"லெட்டர் வந்துது தம்பி. சார் படிச்சுட்டு ஃபைல்ல போட்டுட்டாரு. ஒண்ணும் கேக்கல." போனை வைக்கும் முன் சொன்னார்: "இங்கிலீஷ் நல்லா எழுதறீங்க."

"தேங்க்ஸ் அக்கா," என்றேன்.