வரைபடத்தின் மேல் ஒரு வாய் வெற்றிலை

எங்கள் தேயிலைத் தோட்டத்தில் மாரியம்மன் திருவிழா என்றால் சாமி முதலில் மேல் லயத்துக்குத்தான் போகும். லயத்தில் வரிசையாக ஒட்டியிருக்கிற வீடுகளில் வீட்டுக்கு வீடு நின்று தட்டு வாங்கி, தீபம் காட்டி, எங்கள் கீழ் லயத்துக்கு இறங்கி வருவதற்குள் என் முழங்கால் இரண்டிலும் பனி ஏறிவிடும். சாமிக்குத் தட்டு வைத்திருக்கிறவள் உட்காரவும் கூடாது. மூத்த லயத்துக்குத்தான் முதல் தட்டு என்பது வழக்கம். மேல் லயம்தான் மூத்தது என்று யார் சொன்னது? என் சம்பந்தியம்மாதான் சொன்னார். என் மகனுக்குப் பெண் கொடுத்தவர், மேல் லயத்துக்காரர். அவர் பேசினால் எதிர்த்துப் பேச தோட்டத்தில் ஆள் கிடையாது. எனக்கோ நாலு பேர் முன்னால் வாயைத் திறந்தால் வார்த்தையெல்லாம் தொண்டைக்குள் திரும்பிப் போய்விடும்.

எங்கள் பள்ளிக்கூடத்து டீச்சர் வரலாற்றுக் குழு என்று ஒன்றைத் தொடங்கி வயசானவர்களையெல்லாம் சேர்த்தார். அவர் கொட்டகலை ஊரிலிருந்து வந்த பிள்ளை. எங்கள் தோட்டத்து மேடு பள்ளம் அவருக்கு அவ்வளவாகத் தெரியாது. கொழும்பில் ஆவணக் காப்பகத்தில் தோட்டத்தின் பழைய வரைபடம் இருக்கிறதாம், அதைப் பார்த்தால் எந்த லயம் மூத்தது என்று தெரிந்துவிடும் என்றார். சம்பந்தியம்மா உடனே ஒத்துக்கொண்டார். அங்கே பெரிய ஆட்களிடம் தானே பேசுவதாகவும் சொல்லிவிட்டார். நான் முழங்காலை நினைத்துக்கொண்டு வேனில் ஏறினேன்.

காப்பகத்து வாசலில் எல்லோரும் செருப்பைக் கழற்றி வரிசையாக வைத்தோம். தோட்டத்து ஆபீசுக்குப் போகும்போது கழற்றிப் பழகிய கால். காவல்காரர் சிரித்துக்கொண்டே சிங்களத்தில் போட்டுக்கொள்ளச் சொன்னார். போட்டுக்கொண்டோம், ஆனாலும் நுனிக்காலில்தான் நடந்தோம். பைகளை உள்ளே கொண்டுபோகக் கூடாதென்று அலமாரியில் வைத்துப் பூட்டிவிட்டார்கள். ரொட்டியும் சம்பலும் போயின. சம்பந்தியம்மாவின் பையும் போனது. அவர் வெற்றிலை துப்புகிற பால்மா டின் அதற்குள்தான் இருந்தது.

பெரிய ஆட்களிடம் பேசப் போனால் வாய் நிறைய வெற்றிலை போட்டுக்கொள்வது அவர் பழக்கம். அன்றைக்கும் வாசலிலேயே போட்டுவிட்டார். உள்ளேயோ தாள் புரட்டுகிற சத்தம் மட்டும்தான். துப்ப இடமில்லை. வெளியே போய் வரச்சொல்லி டீச்சர் காதோடு சொன்னார். சம்பந்தியம்மா என்னை ஒரு தரம் பார்த்தார், வரைபடம் வரப்போகிற கதவை ஒரு தரம் பார்த்தார், நாற்காலியில் இன்னும் அழுத்தமாக உட்கார்ந்தார். அவர் அந்தப் பக்கம் போனால் இந்தப் பக்கம் நான் என் லயத்தை மூத்ததாக்கிவிடுவேன் என்ற பயம்.

காப்பகத்தில் வேலை செய்கிற ஒரு அம்மா வரைபடத்தைக் கொண்டுவந்து, குழந்தையைக் கிடத்துகிற மாதிரி மேசையில் விரித்தார். முழுக்கத் தேயிலை மலை. காகிதத்தின் மேல் பக்கத்தில் மட்டும் சின்னதாக ஒரு கட்டம். அந்தக் காலத்தில் தோட்டத்தில் இருந்த ஒரே கட்டடம் அதுதானாம். சம்பந்தியம்மா அதைக் காட்டினார், தன் நெஞ்சைத் தட்டினார், கன்னம் இரண்டும் உப்பிய முகத்தோடு எங்களையெல்லாம் ஒரு சுற்றுப் பார்த்தார். மேலே இருப்பது மேல் லயம்தானே. எங்களுக்குத் தெரிந்த திசையே மேலும் கீழும்தான். குழுவே தலையை ஆட்டியது. நானும் ஆட்டினேன், முழங்கால் வலியோடு.

அப்போதுதான் கட்டத்தை ஒட்டி ஒரு ஓடை தெரிந்தது. எங்கள் ஓடை மேல் லயத்துப் பாறையில் பிறந்து, கீழ் லயத்தைத் தொட்டுக்கொண்டு ஆற்றுக்கு இறங்கும். காகிதத்தில் அது அடியில் நூல் மாதிரித் தொடங்கி, மேலே போகப் போகத் தடித்தது. பேசவேண்டியவர் வாய் நிறைய வெற்றிலை. வேறு வழியில்லாமல் நான்தான் கேட்டேன்.

"டீச்சர், நம்ம ஓட எங்கயாச்சும் மேல ஏறிப் போவுமா?"

டீச்சர் குனிந்து பார்த்தார். வடக்கை மேலே வைத்து வரைவார்களாம். எங்கள் தோட்டம் வடக்குப் பக்கம்தான் சரிகிறதாம். அப்படியென்றால் தலைகீழாகப் பார்த்துக்கொண்டிருந்திருக்கிறோம். வரைபடத்தைத் திருப்பக் கூடாது என்று அந்த அம்மா சொன்னதால் குழு முழுவதும் எழுந்து மேசையைச் சுற்றி மறுபக்கம் போனோம். சம்பந்தியம்மா கடைசியாக வந்தார். கட்டம் இப்போது எங்கள் கீழ் லயத்துப் பக்கம், இன்றைக்குப் பிள்ளைக்காம்பரா இருக்கிற இடத்தில் வந்து நின்றது. வேலைக்குப் போகிறவர்கள் கைக்குழந்தைகளை விட்டுவிட்டுப் போவது அங்கேதான். எனக்கு வலியே போய்விட்டது.

அந்த அம்மா கண்ணாடி வில்லையை வைத்துப் பக்கத்தில் இருந்த எழுத்தைப் படித்தார். டீச்சர் தமிழில் சொன்னார்: துரையின் குதிரை கட்டும் கொட்டகை. இரண்டு லயமும் அப்போது கிடையாது.

சம்பந்தியம்மாவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. தோள் குலுங்கியது, கன்னம் குலுங்கியது, உதட்டோரம் சிவப்பு எட்டிப் பார்த்தது. அந்த அம்மா வரைபடத்தின் மேல் இரண்டு கையையும் விரித்தார். நான் என் முந்தானையை அவர் தாடைக்குக் கீழே பிடித்தேன். டீச்சர் கண்ணை மூடிக்கொண்டார். சம்பந்தியம்மா கண்ணில் நீர் வர மொத்தத்தையும் விழுங்கினார். பாக்கு, புகையிலை, எல்லாம். பிறகு மூச்சு வாங்கிக்கொண்டு சொன்னார்:

"ஏன் சம்மந்தி, நான் குதிர வீட்டுலயா பொண்ணக் குடுத்தேன்?"

திரும்பி வேன் மலையேறி ஹட்டன் வந்து சேரும் வரை அவருக்கு விக்கல் நிற்கவில்லை.

மூத்த கட்டடம் நின்ற இடம் என்பதால் அந்த வருசம் சாமி முதலில் பிள்ளைக்காம்பராவுக்குப் போகட்டும், பிறகு பக்கத்திலிருக்கிற கீழ் லயம், கடைசியாக மேல் லயம் என்று கோயில் கமிட்டி முடிவு செய்தது. சம்பந்தியம்மா திருவிழா வரை கமிட்டிக்காரர்களை வழியில் மறித்து மறித்துச் சண்டை போட்டார். திருவிழா அன்றைக்குப் பார்த்தால், பிள்ளைக்காம்பரா வாசலில் எனக்கு முன்னால் தட்டோடு நிற்கிறார்.

"தள்ளிக்கங்க சம்மந்தி. மேல நின்னா எனக்கும்தான் காலு நோவுது."

அவர் தட்டில் தேங்காய், பழம், வெற்றிலை. ஓரத்தில் ஒரு பிடி கொள்ளு. யாருக்கு என்று கேட்டேன்.

"உங்க வீட்டுப் பெரியவருக்குத்தான்."

பூசாரிக்கு ஒன்றும் புரியவில்லை. கொள்ளுக்கும் சேர்த்துத் தீபம் காட்டினார்.