ஹிண்டர் என்றொரு வினைச்சொல்

திண்டிவனத்தில் ஒரு தனியார் பள்ளியில் ஆங்கில ஆசிரியை வேலைக்கு என் மனைவியை நேர்காணலுக்குக் கூப்பிட்டிருந்தார்கள். விழுப்புரத்தில் போட்டித் தேர்வு எழுதுகிறவர்களுக்கு ஆங்கிலம் சொல்லித் தருகிறவன் நான். பஸ்ஸில் போகும்போதே அவளுக்குப் பயிற்சி கொடுத்துக்கொண்டு வந்தேன்.

விக்கிரவாண்டி தாண்டியதும், “ஹிண்டர்னா முன்னேற விடாம தடுக்கிறதுதானேங்க? ஒரு வாக்கியம் சொல்றேன், சரியான்னு பாருங்க,” என்றாள்.

“சொல்லு.”

“மை ஹஸ்பண்ட் ஹிண்டர்டு மீ டு ஸ்டடி.”

“டு ஸ்டடி வராது. ஃப்ரம் ஸ்டடியிங். எங்க, திருப்பிச் சொல்லு.”

திருத்தமாகச் சொன்னாள். “வெரி குட்” என்றேன். அதற்குப் பிறகுதான் அவள் சொன்னது எனக்கு உறைத்தது.

மகன் பிறந்தபோது அவள் பி.எட். முதல் வருடம் முடித்திருந்தாள். “கொழந்தை கொஞ்சம் வளரட்டும், அப்புறம் பாத்துக்கலாம்” என்று படிப்பை நிறுத்தியது நான்தான். அவன் இப்போது ஆறாம் வகுப்பு. அந்தப் பேச்சை நானாக ஒருமுறைகூட எடுத்ததில்லை.

“என்னையா சொல்ற?”

“உதாரணத்துக்குச் சொன்னேங்க.” ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

பள்ளி வாசலில் காத்திருந்தேன். வெளியே வந்தவள், “இங்கிலீஷ் நல்லா பேசறீங்கன்னாங்க. பி.எட். முடிச்சிட்டு வரச் சொன்னாங்க,” என்றாள்.

“ஏன் முடிக்கலைன்னு கேட்டாங்களா?”

“கேட்டாங்க. எனக்கு ஒடம்பு சரியில்லாம போச்சுன்னு சொல்லிட்டேன்.”

அவளுக்கு அப்படி எதுவும் வந்ததில்லை. என் குற்றத்தைத் தன் உடம்பின் மேல் போட்டுக்கொண்டு வந்திருந்தாள்.

“தப்பு பண்ணிட்டேம்மா,” என்றேன்.

“அதை இப்ப பேசிக்கினு இருந்து என்ன ஆவுது? பசிக்குதுங்க, எதுனா சாப்பிடலாம்.”

பஸ் நிலையத்துக்கு எதிரே ஓட்டலில் அவள் இரண்டு தோசை சாப்பிட்டாள். நான் ஒரு காபியோடு நிறுத்திக்கொண்டேன். “நாளைக்கே காலேஜ்ல போய்க் கேக்கலாம்,” என்றேன்.

“கேக்கலாம். பையனை யாரு பாத்துக்கிறது? சாயந்திரம் உங்களுக்கு கிளாஸ் இருக்கே?”

“விட்டுடறேன்.”

நம்பாத முகத்தோடு கை கழுவப் போனாள்.

மறுநாள் காலேஜில் போய்க் கேட்டோம். இத்தனை வருடம் ஆகிவிட்டதால் பழைய படிப்பு செல்லாது, முதலிலிருந்துதான் சேர வேண்டும் என்றார்கள். சேர்ந்துவிட்டாள். மாலை வகுப்புகளை விட்டுவிட்டேன்.

“எங்க கிளாஸ்ல எல்லாரும் என்னை அக்கான்னுதான் கூப்பிடறாங்க,” என்று ஒருநாள் சமையலறைக்கு வந்து சொல்லிச் சிரித்தாள். நான் அடுப்பில் குழம்பைக் கிளறிக்கொண்டிருந்தேன். திரும்பி அவள் முகத்தைப் பார்க்க முடியவில்லை.