கேளையாடு திரும்பிய இடம்

பெரியப்பாவின் உளுந்தை மான் மேய்ந்த குளிர்காலத்தில், வீட்டில் இருக்கும் ஒருவர்தான் மானுக்குத் துப்புக் கொடுக்கிறார் என்று நான் முடிவு கட்டியிருந்தேன். எனக்கு அப்போது பத்து வயது. யார் என்பதுதான் தெரியவில்லை.

பெரியப்பா ரங்கூனின் போட்டாதாங் படகுத்துறைக் கிடங்குகளில் மூட்டை தூக்கியவர். இடுப்பு ஒத்துழைக்காமல் போனதும், மாவ்பி என்ற ஊருக்கு வடக்கே காட்டை ஒட்டிய ஒரு நிலத்தைக் குத்தகைக்கு எடுத்தார். அதே துறையில் பெரியம்மா மோகிங்கா விற்றுக்கொண்டிருந்தார். மீன் குழம்பை அரிசிச் சேமியாவில் ஊற்றித் தரும் கடை. விடியற்காலையில் முதல் படகுக்கு முன்பே அங்கே கூட்டம் கூடிவிடும். பெரியப்பா நிலத்துக்குப் போனபோது பெரியம்மாவும் அண்டாவைக் கவிழ்த்து வைத்துவிட்டுக் கூடப் போனார். கடை இருந்த இடத்தை அவருடைய தங்கை மழைக்காலம் வரை பிடித்துவைத்திருப்பதாகப் பேச்சு.

முந்தைய ஆண்டு விளைச்சல் பாதிகூடத் தேறவில்லை. இந்த முறையும் போனால் நிலத்தை விட்டுவிட்டு ரங்கூனுக்குத் திரும்பி மறுபடி மூட்டைதான் என்று பெரியப்பா சொல்லிக்கொண்டிருந்தார். யாங்கோனை எங்கள் வீட்டில் இன்னும் ரங்கூன் என்றுதான் சொல்வோம். பெரியப்பா அதைச் சொல்லும்போதெல்லாம் பெரியம்மா அடுப்பைப் பார்த்துக்கொண்டிருப்பார்.

உளுந்தைத் தின்றது கேளையாடு. நாய்போலக் குரைக்கும் சின்ன மான். தகர டப்பா கட்டிப் பார்த்தார்கள். இரண்டு நாளில் அது பழகிவிட்டது. துப்பாக்கி வைத்துக்கொள்ள யாருக்கும் அனுமதி இல்லை. அதனால் சித்தப்பாவை அழைத்தார்கள். ஷ்வேப்யிதாவில் பிளாஸ்டிக் வாளி செய்யும் தொழிற்சாலையில் வேலை பார்த்த அவருக்குக் கரேன் இன நண்பர்கள் அதிகம். அவர்களில் ஒருவர் செய்து கொடுத்த மூங்கில் வில் அவரிடம் இருந்தது. பள்ளி விடுமுறை என்பதால் என்னையும் அவரோடு அனுப்பிவைத்தார்கள்.

வந்த அன்று சித்தப்பா வில்லை உறையிலிருந்து எடுக்கவே இல்லை. வயலைச் சுற்றிக் குனிந்து குனிந்து நடந்தார். குளம்புத் தடம், புழுக்கை, நுனி கடிபட்ட செடி என்று ஒவ்வொன்றாகப் பார்த்தார். பெரியப்பாவுக்குப் பொறுமை போய்விட்டது.

"இங்கதான்டா மேயுது. இங்கயே உக்காந்து அடி."

"மேயிற எடத்துல உக்காந்தா, அது வெளிச்சம் போனப்புறம்தான்ணே வரும். எங்க மேயுதுன்னு பாக்காதீங்க. படுக்கிற எடத்துலேருந்து எந்த வழியா வருதுன்னு பாருங்க."

"வழியெல்லாம் எதுக்கு? அது என்ன பஸ்ஸா?"

பஸ் மாதிரித்தான் என்றார் சித்தப்பா. மேட்டுக் காட்டிலிருந்து வயலுக்கு வரும் தடங்களில் ஒன்று மட்டும் நன்றாகத் தேய்ந்திருந்தது. அது ஓடையை ஓரிடத்தில் தாண்டியது. பிறகு மூங்கில் புதருக்கும் விழுந்து கிடந்த மரத்துக்கும் நடுவே ஒடுங்கியது. அதற்கப்பால் மேட்டின் விளிம்பைப் பிடித்துக்கொண்டு வந்தது. மூன்று இடங்களையும் மனத்தில் குறித்துக்கொண்டு, காற்று எங்கிருந்து வருகிறது என்று பஞ்சைப் பிய்த்துப் பறக்கவிட்டார். காற்று மானிடமிருந்து நம்மை நோக்கி வர வேண்டும். சோப்புப் போட்டுக் குளிப்பதையும் சுருட்டையும் நிறுத்தினார். வீட்டு வாடை போகச் சட்டையை மூங்கில் கிளையில் தொங்கவிட்டார். என்னைக் கன்னத்தில் தனக்கா மரப்பட்டைச் சாந்து பூசக் கூடாது என்றார். மான் நடக்கும் தடத்தில் அவர் ஒருநாளும் கால் வைத்ததில்லை. ஓடைக்குள் இறங்கிச் சுற்றிக்கொண்டுதான் போவார்.

காட்டில் நுழையுமுன் நாட் என்ற காவல் தெய்வத்திடம் உத்தரவு கேட்பது அங்கே வழக்கம். தாய் வழியில் பர்மியரான பெரியம்மா அதில் கண்டிப்பாக இருந்தார். காலையில் சோறு போடும்போதே கேட்டுவிடுவார்.

"தம்பி, இன்னைக்கு எந்தப் பக்கம்? நாட் சாமிகிட்டச் சொல்லணும்ல."

"ஓடை தாண்டுற எடம், அண்ணி."

முதல் நாள் மாலை ஓடையருகே உட்கார்ந்தார். இருட்டும் நேரத்தில் மேட்டுப் பக்கம் கேளையாடு குரைத்தது. எதையோ மோப்பம் பிடித்துவிட்டுத் திரும்பிப் போகும் குரைப்பு. காலையில் பார்த்தால் வயலின் மறுகோடியில் உளுந்து மேய்ந்திருந்தது. அடுத்த நாள் மூங்கில் இடுக்குக்கு மாறினார். அன்றும் அதே குரைப்பு, அதே மறுகோடி.

பெரியப்பா சித்தப்பாவை வாசலில் நிறுத்தினார்.

"வாயை ஊது."

"அண்ணே, எனக்கு முப்பது வயசு."

"ஊதுடா. சுருட்டு வாடை எனக்குத் தெரியாதா?"

சித்தப்பா ஊதினார். வாடை இல்லாதது பெரியப்பாவுக்கு ஏமாற்றமாக இருந்தது.

"நீங்கதான் செல்போன்ல பாட்டு வைக்கிறீங்க" என்றார் சித்தப்பா.

"சாமி பாட்டுடா. அதுக்குமா மான் பயப்படும்?"

அன்றைக்குப் பிறகு அந்த வீட்டில் எல்லோரும் எல்லோரையும் மோந்து பார்த்தார்கள். சித்தப்பா என் தலையை மோந்தார். நான் பெரியப்பாவின் துண்டை மோந்தேன். என் சந்தேகம் முதலில் பெரியப்பாமீது இருந்தது, பிறகு சித்தப்பாமீது. வேலைக்குப் போகாமல் இங்கேயே தங்கிவிட அவர் வேண்டுமென்றே தவறவிடுகிறார் என்று ஒரு மத்தியானம் முழுக்க நம்பினேன். பெரியம்மாவிடம் ஒன்றே ஒன்றுதான் உறுத்தியது. வெயில் தாழ்ந்ததும் குடிசைக்குப் பின்னால் போய், வயலுக்கு முதுகைக் காட்டி நிற்பார். நெற்றியில் கையை வைத்துத் தார்ச்சாலையையே பார்ப்பார். யாருக்கோ சாடை காட்டுகிறார் என்று பட்டது. நானும் எட்டிப் பார்த்தேன். சாலையில் மாவ்பிப் பக்கம் போகும் பஸ் தவிர வேறு யாரும் இல்லை.

மேட்டு விளிம்பில் உட்கார்ந்த நாளும் வீணாயிற்று. மறுநாள் காலை நானும் சித்தப்பாவும் அங்கே போனோம். தடத்தின் ஓரம் ஓர் இலையில் வெள்ளைத் துளி காய்ந்திருந்தது. அவர் இலையைப் பறித்து மோந்தார். பக்கத்து மண்ணில் எரிந்து முடிந்த ஊதுபத்தியின் சிவப்புக் குச்சி நின்றது. அதற்கு முன்னால் ரப்பர்ச் செருப்பின் தடம். பக்கவாட்டில் அல்ல, மான் தடத்தின் நடுவே, அடிமேல் அடியாக. சித்தப்பா இலையைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார். என்ன என்று கேட்டேன். "ஒண்ணுமில்ல" என்றார். ஆகவே ஏதோ இருக்கிறது என்று தெரிந்தது.

அன்று சோறு போடும்போது பெரியம்மா வழக்கம்போலக் கேட்டார்.

"திரும்ப மூங்கில் இடுக்குதான், அண்ணி" என்றார் சித்தப்பா.

ஆனால் அவர் மாலை வரை காத்திருக்கவில்லை. வில்லை எடுத்துக்கொண்டு, ஓடையில் முகம் கழுவி வருவதாகச் சொல்லி என்னையும் அழைத்துக்கொண்டு அப்போதே கிளம்பினார். குடிசையிலிருந்து மூங்கில் இடுக்குக்குப் போகும் ஒற்றையடிப் பாதையை, மானுடைய தடத்தைப் பார்த்த அதே கண்ணோடு பார்த்தார். எங்கே ஒடுங்குகிறது, எங்கே நிழல், காற்று எந்தப் பக்கம். பிறகு ஒரு புற்றின் பின்னால் என்னை உட்காரவைத்து, தானும் உட்கார்ந்து, வாய்மேல் விரலை வைத்தார். வில் மடியில் கிடந்தது. அம்பு கூட்டில்தான் இருந்தது.

வெயில் உச்சிக்கு வரும்போது பெரியம்மா வந்தார். ஒரு கையில் ஊதுபத்தி, மறு கையில் தனக்கா கரைத்த நீர்க் கிண்ணம். நாட் சாமி குடியிருப்பதாக வணங்கும் மரம் இடப்பக்கம் நின்றது. அதன் பக்கம் அவர் திரும்பவே இல்லை. நேராக மான் தடத்தில் ஏறினார். ஊதுபத்தியை இடுக்கின் நடுவில் குத்தினார். சந்தன மணம்போல் வீசும் அந்த நீரை, வாசல் தெளிப்பதுபோல் இரு பக்கமும் தெளித்துக்கொண்டே நடந்தார். பிறகு இடுப்பு முடிச்சை அவிழ்த்து எதையோ எடுத்துக்கொண்டு, வயலின் மறுகோடிக்குப் போகும் சின்னத் தடத்தின் தலைப்பில் குனிந்து கொட்டினார். அவர் போன பின் நான் ஓடிப்போய்த் தொட்டு நக்கினேன். கல்லுப்பு. மான் தேடி வந்து நக்குவது.

"சித்தப்பா, பெரியம்மாதான்."

அவர் செருப்பைக் கழற்றிக் கையில் எடுத்துக்கொண்டு இடுக்குக்குப் போய், மண்ணில் இருந்த ரப்பர்ச் செருப்பின் தடங்களைத் தன் வெறுங்காலால் தேய்த்து அழித்தார். அதுவரை அவர் மிதிக்காத தடம் அது.

"பெரியப்பாகிட்டச் சொல்லணும்ல?"

"பசிக்குதா உனக்கு? வா."

அன்று இரவுச் சாப்பாட்டின்போது அவர் அண்ணனிடம் சொன்னதை அப்படியே நினைவில் வைத்திருக்கிறேன்.

"இது நம்மளால ஆகாதுண்ணே. இந்தப் பக்கம் காத்து நிலையாவே இல்ல. எங்க உக்காந்தாலும் மனுச வாடை போயிடுது."

"அப்ப உளுந்து?"

சித்தப்பா தட்டைப் பார்த்தார். பெரியம்மா அவருக்கு மட்டும் இன்னொரு கரண்டி குழம்பு ஊற்றினார். குழம்பு தட்டின் விளிம்பில் வழிந்தது. என்மீது பார்வை பட்டதும், "நீயும் சாப்பிடு, தமீ" என்றார். மகளே என்று பொருள்படும் அந்த பர்மியச் சொல்லை அதற்குமுன் அவர் எனக்குச் சொன்னதில்லை. இரண்டு பேரும் சேர்ந்து பெரியப்பாவுக்கு எதிராக ஏதோ செய்கிறார்கள், எனக்கும் பங்கு தருகிறார்கள் என்று எண்ணிக்கொண்டு சாப்பிட்டேன். யாரிடமும் சொல்லவில்லை. எதற்காகச் செய்கிறார்கள் என்று தெரியாமல் சொல்லி என்ன பயன் என்று இருந்தது.

மழைக்கு முன்பே நிலம் கைமாறியது. பெரியப்பா இடுப்பில் துணியை இறுகக் கட்டிக்கொண்டு கிடங்குக்குத் திரும்பினார். படகுத்துறையில் யார் கேட்டாலும் கேளையாட்டின் தந்திரத்தைப் பற்றி விரிவாகச் சொன்னார். ஒவ்வொரு முறையும் அது இன்னும் கொஞ்சம் கெட்டிக்காரத்தனமாக மாறியது. சொல்லி முடித்து எழும்போது தூணைப் பிடித்துக்கொண்டுதான் எழுந்தார். அதற்கு எட்டடி தள்ளி, நீராவிக்கு நடுவே, பெரியம்மா அண்டாவைக் கிளறிக்கொண்டிருந்தார். அவர் சத்தமாகப் பேசி நான் அங்கேதான் முதன்முதலில் கேட்டேன். படகுக்காரர்களைத் திட்டினார், பாக்கிச் சில்லறைக்குப் பதிலாகக் கேலி செய்தார், யாரோ சொன்னதற்குத் தலையைப் பின்னால் சாய்த்துச் சிரித்தார். சித்தப்பா வந்தால் பொரித்த சுரைக்காய் கேட்காமலேயே கிண்ணத்தில் விழும். அதை நான் லஞ்சம் என்று கணக்கு வைத்துக்கொண்டேன்.

குடிசைக்குப் பின்னால் அவர் நின்ற இடத்தைப் பற்றியும் நெடுநாள் யோசித்தேன். யாருக்குச் சாடை காட்டினார் என்று கண்டுபிடிக்க முடியவில்லை. அந்தச் சாலையில் தெற்கே போன பஸ் மாவ்பியைத் தாண்டி ரங்கூனுக்குப் போகும் பஸ் என்பது எனக்கு அப்போதே தெரியும். நானே அதில்தான் வீடு திரும்பினேன். அவர் பார்த்தது அந்தப் பஸ்ஸைத்தான் என்பது மட்டும் தோன்றவில்லை.