அம்மா வழி எக்ஸ்

மகன் பேசத் தாமதமான நாளிலிருந்தே லிஃப்ட் மெக்கானிக்கின் மனைவி ஒரே குற்றச்சாட்டை வைத்திருந்தாள். "எல்லாம் உங்க வம்சம்." ஆதாரம், அவருடைய சித்தப்பா. புதுக் குடை நனைந்துவிடும் என்று அதைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு கொட்டும் மழையில் நடந்து வந்த மனிதர். மெக்கானிக் வாயே திறக்க மாட்டார். பையை எடுத்துக்கொண்டு வேலைக்குக் கிளம்பிவிடுவார். லிஃப்ட் குழிக்குள் வம்சத்தைப் பற்றி யாரும் கேட்பதில்லை.

மகனுக்கு வயது முப்பது. படிப்பு ஏறவில்லை, சில்லறை எண்ணத் தெரியாது. எந்த வேலையையும் திரும்பத் திரும்பக் காட்டித் தர வேண்டும், ஆனால் ஒருமுறை பிடிபட்டுவிட்டால் மறக்க மாட்டான். கார் கழுவும் இடத்தில் கண்ணாடி துடைக்கிறான். மற்றவர்கள் துடைத்ததையும் குனிந்து பார்த்து "இங்க அழுக்கு" என்று காட்டுவதால் அங்கே அவனுக்கு மேனேஜர் என்று பெயர்.

போன வருஷம் அவனுக்கு வலிப்பு வந்தபோது ஆஸ்பத்திரிக்குப் புதிதாக வந்திருந்த டாக்டரம்மா மூவரிடமும் ரத்தம் எடுத்து மரபணுப் பரிசோதனைக்கு அனுப்பினார். முடிவு கேட்க மூவரும் போனார்கள்.

"எக்ஸ் குரோமோசோம்ல ஒரு துண்டு ரெண்டு தரம் இருக்கு," என்றார் டாக்டரம்மா.

"கூடுதலா இருந்தா நல்லதுதானே?" என்றார் மெக்கானிக்.

"ஒரு தொட்டிக்கு ரெண்டு மோட்டார் ஓடினா?"

"வழியும்."

"மூளையிலயும் அப்படித்தான். அளவுக்கு மேல போனாலும் கோளாறுதான்."

"இது யார் வழியா வந்துச்சு?" மனைவி கணவரைப் பார்த்தபடியே கேட்டாள்.

"ஆண் பிள்ளைக்கு எக்ஸ் அம்மாகிட்டேருந்து மட்டும்தான் வரும். உங்க ரத்தத்திலயும் அது இருக்கு. உங்களுக்கு இன்னொரு எக்ஸ் இருக்கிறதால வெளிய தெரியல. யாரோட தப்பும் இல்லம்மா."

மேனேஜர் டாக்டரம்மாவின் மூக்குக்கண்ணாடியைக் காட்டி, "அழுக்கு," என்றான். அவர் கழற்றிக் கொடுத்தார். அவன் சட்டை நுனியால் துடைத்து, வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்துத் திருப்பிக் கொடுத்தான்.

பஸ்ஸில் ஏறும்போது மெக்கானிக்கிடம் சொல்வதற்கு ஏகப்பட்டது இருந்தது. எதை முதலில் சொல்வது என்று வரிசைப்படுத்திக்கொண்டே வந்தார். பக்கத்தில் மனைவி மெல்லச் சொன்னாள், "அப்ப நான்தான் குடுத்திருக்கேன்." "அதான் யார் தப்பும் இல்லன்னு சொன்னாங்களே," என்று மட்டும் சொன்னார்.

அப்புறம் அவள் யாரையும் திட்டவில்லை. காபியில் சர்க்கரை போட மறந்தது அவளேதான், அதற்கும் அவரைத் திட்டவில்லை. அவருக்குப் பயமாகிவிட்டது.

அவளுடைய அக்காவுக்கும் சொல்லச் சொல்லியிருந்தார் டாக்டரம்மா. அக்கா மகளின் பையனுக்கும் இன்னும் பேச்சு வரவில்லை. மெக்கானிக்தான் நம்பரைப் போட்டு, ஸ்பீக்கரில் வைத்தார். எடுத்த எடுப்பில் அக்காவே ஆரம்பித்தாள்.

"பேரன் இன்னும் பேசலடி. எல்லாம் மாப்பிள்ளை வீட்டு வம்சம். அவங்க பெரியப்பா ஒருத்தர் செருப்பை..."

"அக்கா, அவங்கள விடு. நீயும் உன் மகளும் பேரனும் ரத்தப் பரிசோதனை பண்ணிப் பாருங்க. நம்ம வழியா இருக்கலாம்." டாக்டரம்மா சொன்னதையெல்லாம் அவள் ஒன்று விடாமல் சொல்லி முடித்தாள்.

பிறகு அக்கா குரலைத் தாழ்த்திக் கேட்டாள், "இதை மாப்பிள்ளைகிட்ட சொல்லித்தான் ஆகணுமா?"

மெக்கானிக் எட்டி போனை வாங்கினார்.

"கண்டிப்பா சொல்லணும் அண்ணி," என்றார். "இன்னைக்கே சொல்லுங்க."