குளிர்பான பாட்டிலில் புகையிலைத் தண்ணீர்

சனிக்கிழமை காலைகளில் நூலக வாசலில் ஒரு மேசை போட்டு உட்காருவோம். வீட்டுச் செடிக்கு நோய் கண்டவர்கள் இலையைக் கிள்ளிக்கொண்டு வருவார்கள். சம்பளமில்லாத வைத்தியர்கள் இரண்டே பேர். நான் தையல்காரன். மற்றவர் முப்பது வருடம் பேருந்தில் டிக்கெட் கொடுத்து ஓய்வு பெற்றவர். ஊருக்கே அவர் கண்டக்டர் அக்கா.

அக்கா மெதுவாகப் பேசினாலே அடுத்த தெருவுக்குக் கேட்கும். பூச்சி மருந்தைப் பழைய பாட்டிலில் வைத்திருப்பவர்கள் அவரிடம் மாட்டினால் தொலைந்தார்கள். "குடிக்கிற பாட்டில்ல விஷத்த ஊத்தறீங்களே, அறிவிருக்கா?" என்பார். மாவுப்பூச்சியைக்கூட டிக்கெட் கிழித்துக் கொடுத்துத்தான் இறக்கி விடுவார் என்று நான் கேலி செய்வேன்.

அன்று நல்ல கூட்டம். இடுப்பில் பெண் குழந்தையோடு ஒருத்தி எலுமிச்சை இலையை நீட்டினாள். அடிப்பக்கம் முழுக்க அசுவினிப் பூச்சி. அதற்கு மருந்தாக அக்கா வீட்டில் காய்ச்சிக் கொண்டுவந்த புகையிலைத் தண்ணீர் கேனில் இருந்தது. சீட்டு ஒட்டிய எங்கள் புட்டிகள் தீர்ந்திருந்தன. அவள் பையிலிருந்து காலி குளிர்பான பாட்டிலை எடுத்துக் கொடுத்தாள். அடுத்த ஆளிடம் பேசிக்கொண்டே அக்கா அதில் ஊற்றிக் கொடுத்துவிட்டார்.

அரை மணி நேரம் கழித்து ஒருவர் மருந்தைத் தண்ணீர் பாட்டிலில் கொண்டுவந்தார். திட்ட வாயைத் திறந்த அக்கா அப்படியே நின்றுவிட்டார்.

"தம்பி, நானே ஊத்திக் குடுத்துட்டேன். நிறம்கூட அதே நிறம். அந்தக் குழந்த எடுத்துக் குடிச்சிட்டா?"

பதிவேட்டைப் புரட்டினேன். செடி எலுமிச்சை, பூச்சி அசுவினி. இவ்வளவுதான். செடியின் பெயரை எழுதுவோமே தவிர, ஆளின் பெயரை எழுதும் வழக்கமே எங்களுக்கு இல்லை. என்ன மடத்தனம்!

"அந்தப் பொண்ணு, வீட்டுக்குக் கீழ இருக்கற ரொட்டிக் கட அடுப்புச் சூட்டுல செடி வாடுதான்னு கேட்டாளே," என்றார் அக்கா. எங்கள் பகுதியில் ரொட்டிக் கடை இரண்டு. முதல் கடைக்கு மேலே கிடங்குதான் இருந்தது. இரண்டாவதற்கு அக்கா ஓடினார், மூட்டு வலியோடு. நானும் கூடவே ஓடினேன்.

மாடி பால்கனியில் எலுமிச்சைத் தொட்டி தெரிந்தது. கதவைத் திறந்தவர் அவள் கணவர். ஜலதோஷத்தில் மூக்கு சிவந்திருந்தது.

"செடிக்காரங்களா? அவ குளிக்கிறா. வாங்க, மூச்சு வாங்குதே, உக்காருங்க." நாங்கள் வாயைத் திறப்பதற்குள் உள்ளே போய்விட்டார்.

அக்காவுக்கு மூச்சு சற்று அடங்கியதும் பின்னால் போனோம். சமையலறையில் ஃப்ரிட்ஜ் திறந்திருந்தது. மேடையில் அந்த பாட்டில். பக்கத்தில் இரண்டு டம்ளர், ஒரு சின்னக் கிண்ணம். எல்லாவற்றிலும் பழுப்பாக ஊற்றியிருந்தது. குழந்தை அப்பாவின் காலைக் கட்டிக்கொண்டு கிண்ணத்துக்குக் கை நீட்டியது.

"அவ பையில இருந்த பாட்டில நான்தான் எடுத்து ஃப்ரிட்ஜ்ல வெச்சேன். பாப்பாவுக்குக் கொஞ்சம் ஊத்தினேன், இல்லன்னா விடமாட்டா," என்று சிரித்தார் அவர்.

அக்கா கிண்ணத்தைத் தட்டிவிட்டார். புகையிலை நெடி அறையெங்கும் பரவியது. மூக்கடைத்த அந்த மனிதருக்கு மட்டும் ஒன்றும் புரியவில்லை. அக்கா தரையில் உட்கார்ந்து, பயந்து அழுத குழந்தையின் வாயை முகர்ந்து பார்த்தார். பால் வாசனைதான். அப்புறம்தான் அவர் அழுதார்.

பதிவேட்டில் இப்போது பெயருக்கும் வீட்டு எண்ணுக்கும் இடம் இருக்கிறது. யார் டம்ளரை நீட்டினாலும் அக்கா முகர்ந்துவிட்டுத்தான் குடிக்கிறார். நான் கேலி செய்வதில்லை. நானும் முகர்கிறேன்.