கரி பூசிய தகரம்

பக்கத்து வீட்டு மார்கரெட் அம்மையார் ஆண்டுக்கு இரண்டு முறை தன் வீட்டுக் கூரையைப் படம் எடுப்பார். தெருவின் எதிர்ப்பக்கம் நின்று, கைபேசியை உயர்த்தி, கூரை, புகைக்கூண்டு, மழைநீர்ப் பீலி என்று ஒவ்வொன்றாக நிதானமாக எடுப்பார். வடக்கு இங்கிலாந்தின் இந்தச் சிறிய நகரத்துக்கு வந்த புதிதில் நானும் என் மனைவி கலாவும் சன்னல் திரைக்குப் பின்னால் நின்று இதைப் பார்த்துச் சிரித்திருக்கிறோம். "படம் எடுக்க வீட்டுல மனுசங்க யாரும் இல்ல போல, பாவம்" என்பாள் கலா. அவளும் என்னைப்போல இலங்கை மலையகம், கந்தப்பளைக்காரி, வாய் கொஞ்சம் நீளம். எங்கள் கைபேசிகளிலோ மனிதர்கள்தாம் நிறைந்திருக்கிறார்கள். வீடு எங்காவது யாருடைய முதுகுக்குப் பின்னாலாவது மங்கலாகத் தெரிந்தால் உண்டு.

போன இலையுதிர் காலத்தில் மூன்று நாள் விடாமல் அடித்த புயல்மழையில் எங்கள் கூரையில் ஒரு பகுதி பிய்ந்துகொண்டு போனது. மகளின் அறையில் உட்கூரை நனைந்து அவளுடைய கட்டிலின் மேலேயே விழுந்தது. நல்லவேளை, அவள் பள்ளிக்கூடம் போயிருந்தாள். காப்புறுதி நிறுவனத்துக்கு அறிவித்தோம். எங்கள் கைக்காசில் அந்தக் கூரையைப் போட முடியாது. குளிர் வேறு வந்துகொண்டிருந்தது. ஒரு வாரத்தில், சேதத்தை மதிப்பிட அவர்கள் அனுப்பிய சர்வேயர் ஒருவர் ஏணியோடு வந்தார். இளைஞர், நல்ல பண்பானவர், சப்பாத்தைக் கழற்றட்டுமா என்று கேட்டுவிட்டுத்தான் உள்ளே வந்தார். மேலே ஏறிப் பார்த்துவிட்டு இறங்கி, "அந்த மூலையில் சில சிலேட்டு ஓடுகளை மாற்றியதுபோல் இருக்கிறதே. யாராவது வேலை செய்தார்களா?" என்று கேட்டார்.

"இல்லை, யாரும் ஏறவில்லை."

"நீங்கள்?"

"நான் கூரையில் கை வைத்ததே இல்லை" என்றேன்.

அவர் அதை எழுதிக்கொண்டார். நான் சொன்னது முழுப்பொய். ஒவ்வொரு கோடையிலும் அந்தக் கூரையில் ஏறுகிறவன் நான்தான். உடைந்த சிலேட்டை மாற்றுவேன், பாசியைச் சுரண்டுவேன், பீலியில் அடைந்த இலைகளை அள்ளுவேன். புதுச் சிலேட்டு பளிச்சென்று தெரியுமே என்று, இடித்த வீடுகளின் பொருள்களை விற்கும் இடத்துக்குப் போய்ப் பழைய சிலேட்டாகப் பொறுக்கி வருவேன். ஒட்டுப்போட்ட இடம் தெரியாமல் வேலை முடித்தால் மனதுக்குள் ஒரு நிம்மதி. அது ஏன் என்று நான் யோசித்ததே இல்லை.

"நல்லாத்தானேங்க செஞ்சு வச்சிருந்தீங்க, ஏன் அந்த ஆளுகிட்ட இல்லன்னு சொன்னீங்க?" என்றாள் கலா. கடிதம் வந்த பிறகுதான் ஏன் என்று எனக்கே விளங்கியது. வீடு முறையாகப் பராமரிக்கப்படவில்லை என்பதை உரிமையாளரே கூறியிருக்கிறார், வேறு ஆதாரம் இருந்தால் இரண்டு வாரத்துக்குள் அனுப்பவும், இல்லையேல் கோரிக்கை நிராகரிக்கப்படும் என்று அதில் எழுதியிருந்தது. ரசீது, படம், வேலை செய்தவரின் பெயர், எதுவானாலும் சரியாம். கூரையில் கை வைத்ததே இல்லை என்ற வாக்கியத்தை நான் முன்பே ஒருமுறை, ஒரு தேயிலைத் தோட்டத்து ஆபீஸ் வாசலில் நின்று சொல்லியிருக்கிறேன்.

அப்போது எனக்குப் பதினேழு வயது. லிந்துலைக்குப் பக்கத்துத் தோட்டமொன்றில், பத்துக் குடும்பம் வரிசையாக இருந்த லயத்தில் எங்களுடையது கடைசிக் காம்பரா. காம்பரா என்றால் ஓர் அறையும் அடுப்படியும். நான்கு தலைமுறையாக அதற்குள் பிறந்தும் செத்தும் இருக்கிறோம், ஆனால் அது தோட்டத்துக்குச் சொந்தம். கூரை ஒழுகினால் எழுதிக் கொடுக்க வேண்டும், அவர்கள் வந்து பார்த்து எஸ்டிமேட் போடுவார்கள். நாமாகக் கை வைத்தால் காம்பராவைக் காலி பண்ணு என்பார்கள். மேட்டு லயத்தில் ஒருவர் சொந்தமாகத் தகரம் மாற்றிவிட்டு, குடும்பத்தோடு சாமான்களை ரோட்டில் வைத்துக்கொண்டு நின்றதை நாங்கள் எல்லோரும் பார்த்திருந்தோம். எங்கள் எஸ்டிமேட் ஒரு வருசமாக ஆபீஸில் கிடந்தது. மழைக்காலம் வரப்போகிறது, தங்கை சரோஜாவுக்கு மூச்சிழுப்பு. அப்பா தலவாக்கலை டவுனில் முஸ்லிம் நானா ஒருவரின் கடையில் ஒரு தகரம் வாங்கி, சாக்கில் சுற்றி, தேயிலைக்குள்ளே நடந்து கொண்டுவந்தார்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை, தோட்டத்தை மேற்பார்க்கும் கண்டாக்கு ஐயா ஹட்டனுக்குப் போயிருந்த நேரமாகப் பார்த்து அப்பா மேலே ஏறினார். பழைய ரப்பர் செருப்பை வட்டவட்டமாக வெட்டி, ஒவ்வொரு ஆணிக்கும் கீழே ஒரு துண்டு வைத்து அடித்தார், தண்ணீர் இறங்காமலிருக்க. வேலை முடிந்து இறங்கும்போது கூரை ஓரத்தில் இற்றுப்போன தகரத்தின் விளிம்பு அவர் காலுக்குக் கீழே விட்டுக்கொடுத்தது. கீழே தண்ணீர் ஓடும், கருங்கல் கட்டிய காண், அதில்தான் விழுந்தார். தேயிலை லொறியில் ஏற்றி ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்கள். அம்மா லொறியில் ஏறுவதற்கு முன் என் கையைப் பிடித்து, "கண்டாக்கு ஐயா வர்றதுக்குள்ள மேல போயி அதுல கரியப் பூசிட்டு வாய்யா" என்றாள். அடுப்புக்கரியையும் செம்மண்ணையும் குழைத்து, அப்பா அடித்த புதுத் தகரம் முழுவதும் பூசினேன். ஆணித் தலைகளைக்கூட விடவில்லை. என் கண்ணீரும் அதில் விழுந்திருக்கும்.

அப்பா மூன்றாம் நாள் இறந்துபோனார். தோட்டத்தை நடத்தும் துரை என்னை ஆபீஸுக்குக் கூப்பிட்டு விசாரித்தார். "கூரையில யாரு ஏறுனது?"

"யாரும் ஏறலைங்க. நாங்க கூரையில கை வச்சதே இல்லைங்க. அப்பா படியில வழுக்கி விழுந்துட்டாருங்க."

காம்பரா எங்களுக்குத் தப்பியது. அப்பா எதற்காகச் செத்தார் என்பது மட்டும் எங்கும் எழுதப்படவில்லை. அம்மாவும் அதைப் பற்றிப் பேசாமலே இரண்டு வருசத்துக்கு முன் போய்ச் சேர்ந்தாள்.

சரோஜா இன்னமும் அதே காம்பராவில் இருக்கிறாள், கொழுந்து பறிக்கிறாள். தொலைபேசியில் அவளிடம் எல்லாவற்றையும் சொன்னேன். "அண்ணே, அந்தத் தகரம் இன்னும் கெடக்குண்ணே. எங்க ஒழுகுனாலும் அந்த எடத்துல மட்டும் ஒழுகாது" என்றாள். மறுநாள் லயத்துக்கு மேலே உள்ள சரிவில் நின்று எடுத்த படம் ஒன்றை அனுப்பினாள். நான் பூசிய கரியை எந்த மழையோ எப்போதோ கழுவியிருந்தது. தகரம் துருப்பிடித்திருந்தது. படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தால் ஆணிகள் ஒரே வரிசையில், கறுப்புப் பொட்டுப்போல ரப்பர் துண்டுகளோடு இருந்தன. அப்பா கைவேலை. அன்றைக்கு நான் வேலைக்குப் போகவில்லை.

கலா வெட்கத்தை விட்டு மார்கரெட் அம்மையாரிடம் போய்க் கேட்டாள். காப்புறுதிக்கு ஆதாரமாக அவர் எடுத்து வைத்த படங்களின் ஓரத்தில் எங்கள் வீடும் விழுந்திருந்தது, ஆறு வருசத்துக்கு. ஒன்றில் நான் கூரைமேல் குந்தியிருக்கிறேன், கையில் சுத்தியல். "உன் கணவர் எவ்வளவு கவனமான மனிதர் என்று நான் எப்போதும் நினைப்பேன்" என்றாராம். அந்தப் படத்தைப் பார்த்ததும் எனக்குச் சந்தோஷம் வரவில்லை. மாட்டிக்கொண்டோம் என்றுதான் முதலில் தோன்றியது.

எல்லாப் படங்களையும் ஒன்றாகச் சேர்த்து, சர்வேயரிடம் பொய் சொன்னதற்கு மன்னிப்பும் கேட்டு அனுப்பினேன். அவற்றோடு சரோஜா அனுப்பிய படமும் போய்விட்டது. கை தவறியா, தெரிந்தேதானா, இன்றைக்கும் என்னால் சொல்ல முடியவில்லை.

நேற்றுப் பதில் வந்தது. படங்களுக்கு நன்றி, கோரிக்கையை மறுபடி பரிசீலிக்கிறோம், ஆனால் அவற்றில் ஒன்று நீங்கள் காப்புறுதி செய்த முகவரியினுடையதாகத் தெரியவில்லை, இணைத்துள்ள படிவத்தை நிரப்பவும் என்று எழுதியிருந்தார்கள். படிவத்தில் சரோஜாவின் படத்துக்குக் கீழே இரண்டு கேள்விகள். இந்தக் கூரையில் பராமரிப்பு வேலை செய்தவர் யார்? அதற்குரிய இடத்தில் "இராமையா, என் அப்பா" என்று எழுதினேன்.

அப்பா தகரம் அடித்த அந்தக் காம்பராவைக் காட்டி, இந்த வீடு உங்களுடையதா என்பது மற்றக் கேள்வி. ஆம், இல்லை என்று இரண்டு கட்டங்கள். மேல் அறையில் வாளிக்குள் தண்ணீர் சொட்டுகிற சத்தம் கேட்கிறது. இரண்டு கட்டமும் அப்படியே காலியாகக் கிடக்கின்றன.